தக்காளி பொடி: தண்ணீரை விரட்டிய கதை

தக்காளி விலை சரிந்தால் விவசாயி அழுகிறார். 2023 ஜூலையில் போல கிலோ நூறைத் தாண்டினால் நாம் அழுகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பழத்தில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், சீக்கிரம் அழுகிவிடும்!

மெக்சிகோவில் பயிரான தக்காளியை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். பிற்பாடு சிசிலித் தீவில் ஒரு வழி கண்டார்கள். தக்காளிச் சாற்றில் உப்பு போட்டு, பலகையில் பரப்பி, கோடை வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைத்தார்கள். கிடைத்த கெட்டி விழுதுக்கு 'ஸ்ட்ராத்து' என்று பெயர். குளிர்காலக் குழம்புக்கு ஒரு ஸ்பூன் போதும்.

20-ஆம் நூற்றாண்டில் ஆலைகள் விழுதைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கின. அதில் சர்க்கரை இருப்பதால் ஈரம் பட்டால் கட்டி தட்டும். ஈரமில்லாத ஸ்பூன், இறுக்கமான மூடி முக்கியம்.

நாம் சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் வத்தல் போட்டவர்கள்தான். ஆனால் சீமைத் தக்காளி பின்னால் வந்தது. புளிப்புக்குத்தான் வீட்டில் புளி இருந்ததே, அவசரம் இருந்திருக்காது என்பது என் யூகம் :-)

ஒரு கிலோ பொடிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோ பழம் வேண்டும். காமர்ஸில் இதைக் காலப் பயன்பாடு என்போம்: மலிவான நாளின் சரக்கை, தேவைப்படும் நாளுக்குக் கொண்டு போவது. ஆனால் உலர்த்தும் வசதி வயலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த லாபத்தில் விவசாயிக்கும் பங்கு. இல்லையென்றால் பழம் தெருவில், பொடி கடையில்!