மன்னார்க் கரையும் விசைமாற்றுப் பொறியும்

மன்னார்த் தீவின் தெருக்களிலே கழுதைகள் கூட்டங் கூட்டமாகத் திரிவதை அங்குச் செல்வோர் யாவரும் காண்பர். அராபிய வணிகர் பொதி சுமத்தற்பொருட்டு அவற்றைக் கொணர்ந்து விட்டனர் என்பது அவ்வூர் வழக்கு. இன்று அவற்றின்மேற் பொதி ஏற்றுவார் அரியர். ஆயினும், ஒரு நிலத்தின் வரலாற்றை அரசராலும் போர்களாலும் மட்டுமன்றி, அந்நிலத்தார் தம் சுமையை எதனாற் சுமந்தனர் என்பதாலும் எழுதலாம் என்பதை அவை நமக்கு நினைவூட்டுகின்றன. மாந்தைத் துறையில் மரக்கலங்கள் நின்ற காலந்தொட்டு, பொதிக்கழுதை, மாட்டுவண்டி, பாய்த்தோணி, நீராவிக் கப்பல், புகையிரதம், மோட்டார் வண்டி என இக்கரையின் சுமை கைமாறி வந்துள்ளது. இவ்வரிசையின் இறுதியில் நிற்பது பிக்கப் எனப்படும் சிறு பாரவண்டி. அதன் அடியில், எவர் கண்ணுக்கும் படாது கிடக்கும் ஓர் உறுப்பின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

அவ்வுறுப்பு ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டி. எஞ்சின் பிறப்பிக்கும் விசையைச் சில்லுகளுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பது அதன் தொழில். சாரதி கையாலும் காலாலும் செய்யும் வேலையை அஃது எண்ணெயின் துணையாற் தானே செய்கின்றது. இத்தகைய வண்டியை உடைய இளைஞர் பலர், "இதன் இழுவையைக் கூட்டுவது எவ்வாறு?" என வினவுகின்றனர். எஞ்சினின் குதிரைவலுவைக் கூட்டுவதே வழி என்பது அவர்தம் எண்ணம். வரலாறு தரும் விடை வேறு. இப்பொறியைத் திருத்தியோர் எவரும் புதிதாக விசையை உண்டாக்கினாரல்லர். வெப்பமாய் வீணே கழியும் விசையைக் காத்தனர். கழிந்தே தீரும் வெப்பத்தை வெளியேற்ற வழி கண்டனர். இதனை நிறுவுவதே எமது நோக்கம்.

முதற்கண் இக்கரையின் நிலையை நோக்குவோம். பேசாலை, தலைமன்னார், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலிய ஊர்களிற் கடற்றொழிலே பெருந்தொழில். கரையோ பெரும்பாலும் மணல். வள்ளத்தைக் கரையேற்றல், எஞ்சினையும் வலையையும் வாடிக்குக் கொண்டு சேர்த்தல், ஐஸ் இட்ட மீனைப் பெருந்தெருவுக்கு ஏற்றிச் செல்லல் ஆகிய மூன்றும் ஒரே வண்டியின் தலையிற் சுமத்தப்படுகின்றன. மணலிலே மெதுவாகவும் வலிந்தும் இழுக்கவேண்டிய அவ்வண்டியே, மதவாச்சித் தெருவை அடைந்ததும் விரைந்தும் சீராகவும் ஓடவேண்டியதாகின்றது. ஒரே எஞ்சின் இவ்விரு வேலைக்கும் பொருந்துமாறு செய்வது எங்ஙனம் என்பதே விசைமாற்றுப் பொறியின் வினா. வியப்பு யாதெனில், இவ்வினா முதன்முதல் எண்ணெயையும் நீரையும் நாடியது தெருவிலன்று, கப்பலிலே ஆகும்.

1914ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இட்ட இருப்புப்பாதையும் அவ்வாண்டிலேயே தொழிற்படலாயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடலைக் கடக்கக் 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்' என்னும் நீராவிக் கப்பல்கள் ஓடின. சென்னையிற் புறப்பட்ட பயணி புகையிரதத்தாலும் கப்பலாலும் கொழும்பை அடைதல் கூடிற்று. இவை நம் கரைக்கு வந்த அக்காலத்திலேயே, ஐரோப்பாவின் கப்பல் கட்டுந் துறைகளில் ஒரு சிக்கல் பொறியியலாளரை வருத்திக்கொண்டிருந்தது.

அச்சிக்கல் இது. நீராவியால் விரைந்து சுழலும் சுழலி, மிகுந்த வேகத்திலேயே சிக்கனமாய் வேலை செய்யும். நீரைத் தள்ளும் விசிறியோ மெதுவாகச் சுழலும்போதே நன்கு தள்ளும். இரண்டையும் ஒரே அச்சிற் பூட்டினால், ஓடும் குதிரையையும் உழும் எருதையும் ஒரு நுகத்திற் பூட்டியது போலாகும். இதனைத் தீர்க்க இருவர் இரு வழி கண்டனர். இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ், 'வெஸ்பேசியன்' என்னும் பழைய சரக்குக் கப்பலிற் பற்சில்லுகளால் வேகத்தைக் குறைக்கும் முறையை 1909-10இல் அமைத்துச் சோதித்தார். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபொட்டிங்கர், ஸ்ரெற்றின் நகரத்து வுல்கன் கப்பற்றுறையிற் பணிபுரிந்தவர், 1905இலேயே திரவத்தால் விசையை மாற்றும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டியின் முன்னிற்கும் முறுக்குவிசை மாற்றி, அவருடைய அப்பொறியின் வழிவந்ததே.

அதன் அமைப்பை எளிதில் விளக்கலாம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்றினால் மற்றையதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயைக் கொண்டு, இரண்டையும் ஒரு மூடிய கலத்துள் நெருக்கி வைத்தால், எஞ்சினோடு பூட்டிய தட்டு எண்ணெயை வீச, எதிர்த்தட்டு அதனை ஏற்றுச் சுழலும். இவ்விரண்டுக்கும் இடையே ஃபொட்டிங்கர் மூன்றாவதாக ஒரு நிலைத்தட்டை வைத்தார். எதிர்த்தட்டிலிருந்து திரும்பும் எண்ணெயின் போக்கை அது வளைத்து, மீண்டும் எஞ்சினுக்குத் துணையாகச் செலுத்தும். இதனால், புறப்படும் வேளையில் எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகச் சில்லுகளைச் சேர்கின்றது. எனினும், விசை பெருகும்போது வேகம் குறையும். இரு தட்டுகளின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு எண்ணெயிலே உராய்வாகி, வெப்பமாய் முடியும். கொடுத்ததற்கு மேற் கொள்வது இயற்கையில் இல்லை.

இவ்வுண்மையைப் பெருஞ்செலவில் உணர்த்தியது ஒரு கப்பல். 1913இல் ஸ்ரெற்றினில் நீரில் இறக்கப்பட்ட 'திர்ப்பிற்ஸ்' என்னும் பெருங்கப்பலில் ஃபொட்டிங்கரின் பொறி பொருத்தப்பட்டது. முதலாம் உலகப்போரின் பின் அது கனடிய நிறுவனமொன்றின் கைக்கு வந்து 'எம்பிரஸ் ஒவ் ஒஸ்திரேலியா' எனப் பெயர் பெற்றது. திரவ முறையில் விசையின் பத்திலொரு பங்கு வெப்பமாய்க் கழிந்தது. பற்சில்லு முறையிலோ கழிவு நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கே. ஆதலின் 1926-27இல் கிளைட் ஆற்றங்கரையில் அக்கப்பலின் பழைய பொறிகள் அகற்றப்பட்டுப் பற்சில்லுச் சுழலிகள் பொருத்தப்பட்டன. கப்பலின் வேகம் கூடிற்று. எரிபொருட் செலவு குறைந்தது. நாட்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும் கப்பலுக்குத் திரவமுறை ஏற்றதன்று என்பது இதனாற் தெளிவாயிற்று.

ஆயின், கடல் தள்ளியதைத் தரை ஏற்றுக்கொண்டது. அடிக்கடி நின்று புறப்படும் வண்டிக்கு அதுவே நயமான பொறி. 1930களில் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் முறுக்குவிசை மாற்றி பூட்டிய பஸ்களை ஓடவிட்டது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் வெளியிட்ட 'ஹைட்ராமற்றிக்' திரவ இணைப்பையும் கோள்வகைப் பற்சில்லுகளையும் சேர்த்துத் தானே கியர் மாற்றிற்று. இரண்டாம் உலகப்போரில் தாங்கிகள் சிலவற்றிலும் அது பொருத்தப்பட்டது. 1949இல் பக்கார்ட் நிறுவனம், வண்டி வேகம் பிடித்ததும் எண்ணெயை விடுத்து இரு தட்டுகளையும் நேரே பூட்டும் பிடிதட்டைப் புகுத்திற்று. கப்பலிற் தோன்றிய குறைக்குத் தெருவிற் கண்ட மருந்து அது. புறப்படும்போது திரவம், ஓடும்போது நேரிணைப்பு என்னும் இம்முறையே எரிபொருள் விலை ஏறிய 1970களின் பின் எங்கும் பரவிற்று.

நம் நாட்டுப் புகையிரதத்திலும் இப்போட்டி நிகழ்ந்தது. 1954இல் கனடாவிலிருந்து வந்த எம் 2 வகுப்பு எஞ்சின்கள் மின்சாரத்தின் வழியாக விசையைச் சில்லுக்குச் செலுத்தின. 1960களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷல் தொழிற்சாலையிலிருந்து வந்த டபிள்யூ 1 வகுப்போ திரவத்தின் வழியாகச் செலுத்தியது. இவற்றுள் நெடுங்காலம் நிலைத்து உழைத்தவை முன்னையவையே. எனவே எம்முறை சிறந்தது என வாளா வினவுதல் பயனின்று. எச்சுமைக்கு, எத்தரையில், எவர் பேணுதலில் என வினவுதலே முறை.

இனி மன்னார் மணலுக்கு மீள்வோம். வள்ளத்தை இழுக்கும் பிக்கப்பின் சில்லுகள் மணலிற் புதைந்து நின்றுவிட்டன எனக் கொள்வோம். சாரதி மிதியை அழுத்துகின்றார். எஞ்சின் 50 கிலோவாற்று வலுவைக் கொடுக்கின்றது, சில்லோ அசையவில்லை. அவ்வலு முழுவதும் எண்ணெயை வெப்பமாக்குகின்றது. கியர்ப்பெட்டியில் 10 லீற்றர் எண்ணெய் உண்டெனக் கணக்கிட்டால், ஒவ்வொரு செக்கனுக்கும் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகை ஏறும். 20 செக்கனில் 60 பாகை. ஏலவே 80, 90 பாகையில் நின்ற எண்ணெய் இதனாற் 140ஐத் தாண்டும். 120 பாகைக்கு மேல் எண்ணெய் கருகத் தொடங்கும், முத்திரைகள் இறுகும், உராய்வுத் தட்டுகள் வழுக்கும். வழுக்கல் மேலும் வெப்பத்தைத் தரும். வெப்பநிலை பத்துப் பாகை ஏறுந்தோறும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளரிடை வழங்கும் பொதுக்கணக்கு. கரையில் ஒருநாட் செய்த பிழைக்குப் பல திங்கள் உழைப்பைக் கராஜில் ஈடாகக் கொடுத்தவரை யாம் அறிவோம். வண்டி கராஜிற் கிடக்கும் நாட்களில் மீன் ஐஸிற் கிடந்து விலை இழக்கின்றது என்பதையும் அவர்களே கூறக் கேட்டோம்.

ஆகவே, இழுவையைத் திருத்துவோர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கு தெளிவாகின்றது. முதலாவது, செலவில்லாதது. மணலில் ரயரின் காற்றைச் சிறிது குறைத்து, நான்கு சில்லுக்கும் விசை செல்லும் வண்டியாயின் அதன் தாழ்ந்த வரிசையை இட்டு இழுத்தல் வேண்டும். தாழ்ந்த வரிசையிற் சில்லு எளிதிற் சுழல்வதால் எண்ணெய்க்குள் வழுக்கல் குறையும். இரண்டாவது, எண்ணெய்க்கெனத் தனிக் குளிர்கலம் ஒன்றை றேடியேற்றரின் முன்னே பொருத்துதல். கடற்காற்றின் உப்பு அதன் மெல்லிய தகடுகளை அரிக்குமாதலின், நன்னீராற் கழுவி வருதல் இக்கரையில் இன்றியமையாதது. மூன்றாவது, தயாரித்தோர் குறித்த இன எண்ணெயையே இட்டு, அதனையும் வடியையும் பாரமிழுக்கும் வண்டிக்கு ஏற்பக் காலம் முந்தி மாற்றுதல். எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் வீசின், அது நோயின் அறிகுறி.

இவற்றின் பின்னரே பெட்டியைத் திறத்தல் தகும். எண்ணெய் அழுத்தத்தை ஆளும் வால்வுத் தொகுதியைத் திருத்தினால், பிடிதட்டுகள் இறுகப் பற்றும். கியர் மாறும் வேளையில் வழுக்கல் குறையும். அழுத்தம் அளவு கடப்பின், மாறும்போதெல்லாம் வண்டி அதிர்ந்து, அச்சும் பற்சில்லும் தேயும். தேய்ந்த தட்டுகளை மேலான தட்டுகளால் மாற்றுதலும் நன்று. முறுக்குவிசை மாற்றியைத் தெரிவோர், பந்தய வண்டிக்குரியதை விரும்பலாகாது. அது எஞ்சின் மிகு வேகத்திற் சுழன்ற பின்னரே இறுகப் பற்றும். அதுவரை எண்ணெயைக் காய்ச்சும். பாரமிழுப்போர்க்குத் தாழ்ந்த வேகத்திலேயே பற்றுவதும், நேரிணைப்புப் பிடிதட்டு வலியதுமான மாற்றியே உகந்தது. தோற்றப் பொலிவுக்காகப் பெருஞ் சில்லுகளைப் பூட்டுவோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். சில்லின் விட்டம் நூற்றுக்குப் பத்துக் கூடினால், தரையிலுள்ள இழுவை ஏறத்தாழ அவ்வளவு குறையும்.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டியது கியர்ப்பெட்டியைப் பற்றியது மட்டுமன்று. 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பற்சேவையும் 1980களில் நின்றது. போரினால் 1990இல் தலைமன்னார்ப் புகையிரதம் நின்று, 2015 மார்ச்சு 14ஆம் நாளிலேயே மீண்டும் இறங்குதுறை வரை ஓடிற்று. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் 2010இற் திறக்கப்பட்டது. கப்பலாயினும் பாலமாயினும் வண்டியாயினும், அவை பிறர் செய்து நமக்கு வந்தவை. பொருள் வந்த அளவுக்கு அதன் நுட்பத்தை அறியும் கல்வி இக்கரைக்கு வந்ததா என்பது சிந்திக்கற்பாலது. வராதவிடத்து, பழுதுபட்ட பொருள் கிடந்தழிகின்றது. திருத்தக்கூடியது பழம் இரும்பாக விற்கப்படுகின்றது. ஏழைத் தொழிலாளி இருமுறை கடன்படுகின்றான்.

ஃபொட்டிங்கரின் பொறியைக் கப்பலிலிருந்து கழற்றியவர் அவரை இகழ்ந்து ஒதுக்கினாரல்லர். கழிவை அளந்தனர், அளந்தபின் எதனை எங்கே வைத்தல் தகும் எனத் துணிந்தனர். அவ்வாறு அளந்தறியும் வழக்கம் நம் மாணவரிடையும் வேரூன்றுக. கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் வெப்பத்தைப் பற்றிப் படிக்கும் மாணவன், விடுமுறையிற் பேசாலைக் கரையில் நிற்கும் தன் தமையனின் வண்டியடியில் ஒருமுறை குனிந்து நோக்குவானாயின், தான் கற்ற பாடம் அங்கே வேலை செய்வதைக் காண்பான். அவன் கல்வியாற் தமையனின் வண்டி ஓராண்டு கூடுதலாக உழைக்குமாயின், அதுவே அக்கல்விக்குப் போதிய பெருமையாகும்.