தொலையாத இசைத்தட்டு

'மறுகண்டுபிடிப்பு' என்ற சொல்லைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. ஒரு கவிஞனை, ஒரு நாவலை, ஒரு பாடலைக் கண்டெடுத்துவிட்டோம் என்று சொல்லும்போது, அது இதுவரை யாரிடம் இருந்தது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே அமுங்கிப் போகிறது. தொலைத்தவனின் சரித்திரம் எழுதப்படுகிறது. வைத்திருந்தவனின் சரித்திரம் எழுதப்படுவதில்லை. அமெரிக்கப் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸின் 'கோல்ட் ஃபாக்ட்' என்ற இசைத்தட்டு இதை யோசிக்க நல்ல உதாரணம்.

ரோட்ரிகஸ் 1942ல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். தந்தை மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளி. 1969ல் டெட்ராய்ட்டில் பதிவான 'கோல்ட் ஃபாக்ட்', 1970 மார்ச்சில் சஸ்ஸெக்ஸ் என்ற சிறிய கம்பெனியின் வெளியீடாக வந்தது. பன்னிரண்டு பாடல்கள், மொத்தம் அரைமணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். முதல் பாடல் 'ஷுகர் மான்'. போதைமருந்து விற்பவனை விளித்து ஒருவன் பாடுவது. மெல்லிய கிதார், அதன்மேல் நெளிந்து செல்லும் விசித்திரமான மின்னணு ஒலிகள், எதையும் வற்புறுத்தாத ஒரு குரல். பிற பாடல்களில் தொழில் நகரத்தின் அழுக்கு, சலிப்பு, ஸ்தாபனத்தின் மீதான எரிச்சல். அமெரிக்காவில் இதை ஏறக்குறைய யாரும் வாங்கவில்லை. 1971ல் வந்த இரண்டாவது இசைத்தட்டுக்கும் அதே கதிதான். 1975ல் கம்பெனியே மூடப்பட்டது. ரோட்ரிகஸ் கட்டடங்களை இடிக்கும், செப்பனிடும் வேலைகளுக்குப் போனார். 1981ல் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். நகரத் தேர்தல்களில் நின்று தோற்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த இசைத்தட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது எப்படிப் போனது என்பதற்குப் பல கதைகள் உண்டு. கதைகளைவிட, போய்ச் சேர்ந்த சூழல்தான் முக்கியம். இனஒதுக்கல் ஆட்சி, 1976 ஜனவரி வரை நாட்டில் தொலைக்காட்சியையே அனுமதிக்கவில்லை. புத்தகம், சினிமா, பாட்டு எல்லாம் தணிக்கைக்கு உட்பட்டவை. வெள்ளை இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை. இவர்களிடையே ரோட்ரிகஸின் பாடல்கள் காஸெட்டுகளில் பிரதியாகிக் கைமாறின. நடுத்தர வர்க்க வெள்ளையர் வீடுகளில் பீட்டில்ஸ் ரிக்கார்டுகளோடு இதுவும் இருந்தது. அரசு வானொலி 'ஷுகர் மா'னைத் தடை செய்தது. வானொலியின் காப்பகப் பிரதியில் அந்தப் பாடல் இருக்கும் பகுதி மட்டும், ஊசி நிற்க முடியாதபடி, கூரிய கருவியால் கீறப்பட்டிருந்தது.

பாடியவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பாடலாசிரியரின் பெயர் தட்டிலேயே குழப்பமாக அச்சாகியிருந்தது. மேடையில் தற்கொலை செய்துகொண்டார் என்று வதந்தி. 1996ல் இரண்டாவது இசைத்தட்டு தென்னாப்பிரிக்காவில் குறுந்தகடாக வந்தபோது, அதன் குறிப்பை எழுதிய கேப்டவுன்காரர் ஸ்டீஃபன் செகர்மன், இவரைத் துப்பறிந்து கண்டுபிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கிரெய்க் பார்த்தலமியு என்ற பத்திரிகையாளர் தேட ஆரம்பித்தார். ஒரு பாடலில் டியர்பார்ன் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அது டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். அந்த இழையைப் பிடித்துப் போய் 1997ல் தயாரிப்பாளர் மைக் தியோடோரை அடைந்தார். ரோட்ரிகஸ் உயிரோடுதான் இருந்தார். 1998 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் ஆறு கச்சேரிகள் நடந்தன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்ட பாடல்களை, ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக வைத்திருந்த கூட்டம் அவரோடு சேர்ந்து பாடியது.

2012ல் ஸ்வீடனைச் சேர்ந்த மாலிக் பென்ஜெலூல் இதை 'சர்ச்சிங் ஃபார் ஷுகர் மான்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். 2013ல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. படம் மனதைத் தொடும் படம்தான். ஆனால் அதில் ஆஸ்திரேலியா இல்லை. ரோட்ரிகஸை ஆஸ்திரேலியாவில் எழுபதுகளிலேயே விரும்பிக் கேட்டார்கள். 1979ல் அங்கே போய்ப் பாடினார். அந்தக் கச்சேரிகளின் பதிவு தனி இசைத்தட்டாகவே வெளிவந்தது. 1981ல் மறுபடியும் போனார். அதாவது, முழுவதும் மறக்கப்பட்டு இருபத்தைந்து ஆண்டு இருளில் கிடந்த கலைஞன் என்ற ஐதீகத்திற்கு ஆஸ்திரேலிய ரசிகர்கள் இடைஞ்சல். ஆகவே அவர்கள் விடப்பட்டார்கள். மறதியைப் பற்றிய ஒரு படம் தன் பங்குக்கும் சிலரை மறக்க வேண்டியிருந்தது. இதை வெறும் தகவல் பிழையாக ஒதுக்கிவிட முடியாது. மறுகண்டுபிடிப்பு என்ற கதை வடிவமே இந்த விலையைக் கேட்கிறது.

இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. 1998ல் கூடியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். இளமையில் தங்களுக்குப் பிரியமாக இருந்த பாடலை அவர்கள் திரும்பக் கேட்டது, இனஒதுக்கல் ஆட்சி முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அப்போது அந்தப் பாடலின் அர்த்தம் மாறியிருந்தது. போதையைப் பற்றிய பாடல் எதிர்ப்பின் பாடலாகி விட்டது. 'நாங்களும் அன்றைக்கு இதைக் கேட்டோம்' என்பது 'நாங்களும் அன்றைக்கு உள்ளுக்குள் எதிர்த்தோம்' என்பதாக மெல்ல உருமாறுகிறது. இது முழுப் பொய் அல்ல. 1989ல் ஆப்ரிகான்ஸ் மொழியிலேயே ஆட்சியைக் கேலி செய்து பாடிக்கொண்டு நாடு சுற்றிய ராக் இசைஞர்களில் ஒருவரான வில்லெம் மொல்லர், ரோட்ரிகஸ் தங்களுக்கு என்னவாக இருந்தார் என்பதை அந்தப் படத்தில் சொல்கிறார். மூடிய வீட்டுக்குள் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்ட பாடல்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த வீட்டிற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பாடல் என்ன ஆயிற்று? மிரியம் மகேபா 1959ல் நாட்டைவிட்டுப் போனார். மறு ஆண்டு தாயின் இறுதிச் சடங்கிற்குத் திரும்ப முயன்றபோது பாஸ்போர்ட் ரத்தாகியிருந்தது. 1963ல் ஐக்கிய நாடுகள் சபையில் இனஒதுக்கலுக்கு எதிராகப் பேசிய பிறகு குடியுரிமை பறிபோயிற்று. ரிக்கார்டுகள் தடை செய்யப்பட்டன. 1990ல்தான் அவரால் திரும்ப முடிந்தது. அவருடைய பாடலை யாரும் 'மறுகண்டுபிடிப்பு' செய்யவில்லை. அது காணாமற் போகவில்லை, விரட்டப்பட்டது. ஒருவரை மறந்து போவதும் ஒருவரை நாடு கடத்துவதும் ஒன்றல்ல. இரண்டையும் 'மௌனமாக்கப்பட்ட குரல்கள்' என்று ஒரே சொற்றொடரில் கட்டிவைக்கும் இசை விமர்சனம் சரித்திரத்தைச் சௌகரியமாக்கிக்கொள்கிறது.

1998ல் ரோட்ரிகஸ் பாடிவிட்டுப் போன அதே ஆண்டு அக்டோபரில்தான் உண்மைக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆணையம் தன் ஐந்து தொகுதி அறிக்கையை மண்டேலாவிடம் கொடுத்தது. கொல்லப்பட்டவர்கள், காணாமற் போனவர்கள், சித்திரவதை செய்தவர்களின் வாக்குமூலங்கள். அந்த நாடு அந்த ஆண்டில் இரண்டு விதமாகப் பழையதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று கூடவே பாடத் தகுந்தது. மற்றது உட்கார்ந்து கேட்கக் கூடியதே அல்ல. ஒன்றைக் கேட்டவர்கள் மற்றதையும் கேட்டார்களா என்பதில்தான் அந்தப் பழைய பாடலுக்கு இன்று என்ன பெறுமானம் என்பது தங்கியிருக்கிறது.

பாடலைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. டெட்ராய்ட்டின் ஒரு தெருவிலிருந்து எழுதியவருக்குத் தென்னாப்பிரிக்காவைப் பற்றிய எண்ணமே இருந்திருக்க முடியாது. அமெரிக்காவில் இந்த இசைத்தட்டு மறுபதிப்பாக வந்தது 2008ல். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. 2023 ஆகஸ்டில், எண்பத்தொன்றாவது வயதில் ரோட்ரிகஸ் இறந்தார். விற்ற பிரதிகளின் பணம் எங்கே போயிற்று என்ற கேள்வியைப் படம் கேட்டது. கம்பெனியின் பழைய முதலாளியிடமிருந்து பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது.

'ஷுகர் மா'னை இன்று கேட்பவனுக்குக் கீறலற்ற சுத்தமான பிரதி கிடைக்கிறது. காப்பகத்திலிருந்த அந்தக் கீறிய பிரதிதான் அந்தக் காலத்தின் பிரதி. பழைய பாடலுக்குத் திரும்புகிறவர்கள் அதையும் சேர்த்துக் கேட்க முடிந்தால், திரும்பியதற்கு அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் நமக்குத் திரும்பக் கிடைப்பது நம் இளமை மட்டும்தான். அதுவும் நமக்குப் பிடித்த விதத்தில் திருத்தப்பட்டு.