நயினாதீவுச் சாசனம்: கல்லிலிருந்து திரை வரை

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்கு, அதாவது அயல்நாட்டவருக்கு, அது பாதுகாப்பு அளிக்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் அரச பண்டாரத்துக்குக் காற்பங்கு, உடையவனுக்கு முக்காற்பங்கு. வணிகச் சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. கா. இந்திரபாலா 1963இல் இதை இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் பதிப்பித்தார்.

இத்தகைய சாசனங்களின் முதல் படிமம் மைப்படி. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றினால் தளம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் விழும். அச்சுக்கூடத்தில் அதுவே பிளாக் ஆனது, கணினியில் கோப்பானது.

ஏ4 அளவுப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் சாம்பல்நிறத்தில் ஸ்கான் செய்தால் 2480×3508 புள்ளிகள், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 8.7 மெகாபைட். 56 கிலோபிட் மோடத்தில் அதை இறக்க இருபது நிமிடத்துக்கு மேலாகும். 1987இல் வந்த விஜிஏ திரை காட்டியதோ 640×480 புள்ளிகள், 16 நிறங்கள். மூலக்கோப்பான டிஃப்பைப் பெரும்பாலான உலாவிகள் திறப்பதுமில்லை. ஆகவே 1987இன் ஜிஃப், 1992இன் ஜேபெக், 1996இன் பிஎன்ஜி ஆகியவற்றுக்கு மாற்றுவது வழக்கமாயிற்று.

மைப்படிக்கு இந்த மாற்றம் ஆபத்தானது. கறுப்பு, வெள்ளை இரண்டே நிறமாக்கினால் கோப்பு எட்டில் ஒன்றாகும். ஆனால் தேய்ந்த கோட்டின் மங்கல் சாம்பல் அழிந்துவிடும். ஜேபெக்கை அதிகம் சுருக்கினால் எழுத்தோரத்தில் இல்லாத அழுக்குப் படியும். கல்வெட்டுத் தமிழில் ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சிறு கீறல் கூடினாலும் குறைந்தாலும் வாசிப்பே மாறும். திரைக்கு எத்தனை படி எடுத்தாலும் டிஃப் மூலத்தை அழிக்கவே கூடாது.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் தீவக ஊர்களின் நூல்களும் மலர்களும் பிடிஎஃப் கோப்புகளாக ஏறின. எந்தக் கணினியிலும் திறக்கும் என்பது அந்த வடிவின் பலம்.

2017இல் ஐபோன்கள் ஹெய்க் வடிவில் படம் சேமிக்கத் தொடங்கின. கோயில் திருவிழாவுக்கு வரும் புலம்பெயர்ந்தோர் எடுக்கும் அத்தகைய படங்கள் பழைய விண்டோஸ் கணினியிலோ எண்ணிமப் படச்சட்டத்திலோ திறக்காது, ஜேபெக்காக மாற்றவேண்டும். சில படச்சட்டங்கள் அதிலும் சாதாரண ஜேபெக்கை மட்டுமே ஏற்கும். படிப்படியாகத் தெளிவாகும் வகையைச் சேர்ந்ததென்றால் வெறுந்திரைதான்.