தில்லை (மரம்)

தில்லை என்பது கழிமுகங்களிலும் உப்பங்கழிக் கரைகளிலும் வளரும் ஓர் அலையாத்தித் தாவரம் ஆகும். இது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாவரவியல் பெயர் எக்சீகேரியா அகலோச்சா. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை இம்மரத்தால் வந்தது. அங்குள்ள நடராசர் கோயிலின் தலமரமும் இதுவே. ஆயினும் ஊருக்குப் பெயர் தந்த தில்லைக் காடு இன்று ஊரில் இல்லை. மரத்தைக் காண விரும்புவோர் சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கிழக்கே, கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரம் காட்டிற்குச் செல்லவேண்டும்.

பெயர்

பேரினப் பெயர் 'குருடாக்குதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மலையாளத்தில் இம்மரம் கண்ணாம்பொட்டி எனப்படுகிறது. அதன் பொருளும் கண்ணையே சுட்டுகிறது. வங்காளத்தில் கேவா என்றும் இலங்கையில் சிங்களத்தில் தெல கிரிய என்றும் அழைப்பர்.

அம்போன் தீவில் வாழ்ந்த செருமானியத் தாவரவியலாளர் உரும்பியசு (இறப்பு 1702), இதனைக் 'குருடாக்கும் மரம்' என்றே தம் நூலில் குறித்தார். அவரும் 1670இல் பார்வை இழந்தவர். ஆனால் அதற்குக் காரணம் கண் நோய், இம்மரம் அன்று. லின்னேயசு 1759இல் இன்றைய அறிவியல் பெயரைச் சூட்டினார்.

அகலோச்சா என்னும் சிற்றினப் பெயர் அகிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இதனால் தில்லையை அகில் எனக் கருதிவிடக் கூடாது. நறுமணப் புகைக்குரிய அகில் வேறொரு குடும்பத்து மரமாகும்.

தோற்றமும் வாழிடமும்

தில்லை பெரும்பாலும் குறுமரமாகவும், நல்ல இடங்களில் 15 மீட்டர் வரை உயர்ந்தும் வளரும். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஆண் பூக்கள் மிகச் சிறியவை. மஞ்சள் நிறத்தில் நீண்ட கதிர்களாகத் தொங்கும். காய் மூன்று பிரிவுகளை உடையது. விதைகள் நீரில் மிதந்து பரவும். கண்டல் போன்று முட்டு வேர்களோ, வெண்கண்டல் போன்று மூச்சு வேர்களோ இதற்கு இல்லை. முடிச்சு முடிச்சான வேர்கள் தரைமேல் படர்ந்திருக்கும். கடல் நீர் நாள்தோறும் ஏறும் விளிம்பைவிடக் காட்டின் நிலப்பக்கமே இதற்கு ஏற்ற இடம். முதிர்ந்த இலைகள் உதிரும் முன் மஞ்சளும் சிவப்புமாக மாறுகின்றன. இந்நிற மாற்றத்தைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

சங்க இலக்கியத்தில் தில்லை

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 மலர்களுள் தில்லையும் ஒன்று. எனினும் இது மலைநில மரமன்று, நெய்தல் நிலத்திற்கு உரியது. கலித்தொகையின் நெய்தற்கலியில் (133) மணல்மேட்டில் முண்டகத்தோடு சேர்ந்து நிற்கிறது. நற்றிணை 195ஆம் பாடலில், கொழுத்த மீனை உண்ட நீர்நாய்க் குட்டி தில்லைப் பொதும்பில் உறங்குகிறது. கழியோரத்தை நேரில் கண்டவரே எழுதக்கூடிய காட்சி இது.

புறநானூற்றின் 252ஆம் பாடல் இவை அனைத்தினும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மாற்பித்தியார் பாடிய இப்பாடலில், முன்பு இல்வாழ்வில் திளைத்திருந்த ஒருவன் இப்போது துறவியாகி அருவியில் நீராடுகிறான். நிறம் மாறிப்போன அவனது சடைக்கு உவமையாகத் தில்லை வருகிறது. பழுத்த தில்லை இலையைப் பார்த்தவருக்கு இவ்வுவமை உடனே விளங்கும். பார்க்காதவருக்கு உரையாசிரியரின் துணை வேண்டும்.

சிதம்பரமும் தில்லைவனமும்

உமாபதி சிவம் இயற்றிய கோயிற்புராணம் தில்லைவனத்தின் கதையைக் கூறுகிறது. வண்டு தீண்டும் முன் பூப்பறித்து வழிபட விரும்பிய முனிவர், வழுக்கும் மரங்களில் ஏறுவதற்குப் புலியின் கால்களையும் நகங்களையும், இருளில் காண்பதற்கு அவற்றில் கண்களையும் வேண்டிப் பெற்றார். அவரே வியாக்கிரபாதர் என்னும் புலிக்கால் முனிவர். ஊருக்குப் பெரும்பற்றப்புலியூர் என்ற பெயரும் உண்டு. கண்ணைக் கெடுக்கும் பால் வடியும் காட்டில் ஒருவர் கூடுதல் கண்களைக் கேட்டது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் புராணம் இத்தொடர்பைக் கூறவில்லை.

இரணியவன்மன் என்னும் அரசனின் தோல் நோய் தில்லையில் நீங்கியதாக அதே நூல் கூறுகிறது. தில்லை மரம் தொழுநோய்க்கு மருந்தாகப் பயன்பட்டதால் இக்கதையை மரத்தின் மருத்துவக் குணத்திற்குச் சான்றாகச் சிலர் காட்டுவர். கதையில் நோயைத் தீர்ப்பது சிவகங்கைக் குளத்தின் நீரே, மரம் அன்று.

சிவனுடன் ஆடல் போட்டியில் தோற்ற காளி ஊர் எல்லைக்குச் சென்று அமர்ந்தாள் என்பது மற்றொரு வழக்கு. நகரின் வடக்கே உள்ள தில்லைக்காளி கோயில், 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் கட்டியதாகக் கருதப்படுகிறது. தில்லை உவர்நீர்க் கரையின் மரம் ஆதலால், முற்காலத்தில் கழிகளும் சதுப்பும் இன்றைய நகருக்கு அண்மையில் இருந்தன எனக் கருத இடமுண்டு.

பயன்பாடு

மரம் வெண்மையானது, மென்மையானது, எடை குறைந்தது. தீக்குச்சி, வலை மிதவை போன்றவற்றிற்குப் பயன்பட்டுள்ளது. பெருந்தொழிலுக்குப் பயன்பட்ட இடம் சுந்தரவனம். 1959இல் உற்பத்தியைத் தொடங்கிய வங்காளதேசத்தின் குல்னா செய்தித்தாள் ஆலை கேவா மரக் கூழையே நம்பியிருந்தது. அவ்வாலை 2002இல் மூடப்பட்டது. சுந்தரவனத்துத் தேனீக்களுக்கும் இதன் பூக்கள் முக்கிய உணவு. இம்மரத்தின் பாலை நீரில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இந்தியாவிலும் பசிபிக் தீவுகளிலும் இருந்தது.

மருத்துவம்

இந்திய நாட்டு மருத்துவத்தில் இலைக் கசாயம் வலிப்புக்கும், பால் ஆறாப் புண்ணுக்கும் தொழுநோய்க்கும் கூறப்பட்டுள்ளன. பிசித் தீவில் தொழுநோயாளியைக் கட்டி இம்மரத்தின் புகையில் வைத்ததை 1860இல் அங்கு சென்ற பெர்த்தோல்டு சீமன் பதிவு செய்தார். நோயாளி பட்ட துன்பம் மருந்தின் பயனைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

நாட்டு மருந்து நவீன மருந்தாக மாறுவதற்கு ஐரோப்பிய வில்லோ மரம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் பட்டையிலிருந்து 1828இல் சாலிசின் பிரிக்கப்பட்டது. அவ்வழியில் 1897இல் ஆசுப்பிரின் தூய வடிவில் உருவாக்கப்பட்டது. தில்லை இன்னும் அந்நிலையை எட்டவில்லை. ஆசுத்திரேலியாவில் சேகரித்த இலை, தண்டுகளிலிருந்து பிரித்த ஒரு போர்பால் எசுத்தர், ஆய்வுக்கூட உயிரணுக்களில் எச்.ஐ.வி. தீநுண்மியைத் தடுப்பதாக 1995இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் இவ்வகைச் சேர்மங்களுள் சில புற்றுக்கட்டி வளர்ச்சியைத் தூண்டக்கூடியவை.

பால் தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும். கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வை இழப்பும் நேரலாம். கண்ணைக் கசக்காமல் தூய நீரால் நெடுநேரம் கழுவி உடனே மருத்துவரை அணுகவேண்டும். விறகின் புகையும் கண்ணை உறுத்தும். தில்லையை வீட்டு மருந்தாகப் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று.

பிச்சாவரம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இக்காட்டை உள்ளூரில் சுரபுன்னைக் காடு என்பர். கண்டல், வெண்கண்டல் ஆகியவையே இங்கு மிகுதி. தில்லை அவற்றுக்கிடையே நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய மொத்த வெட்டு முறையால் வெட்டிய நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் மீண்டும் முளைக்காத திட்டுகள் உருவாயின. மீன்முள் வடிவில் கால்வாய்களை வெட்டி ஓதநீரை உள்ளே விடும் முறையால் பல இடங்கள் மீட்கப்பட்டன. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. படகில் செல்வோர் பெரும்பாலும் முட்டு வேர்களையே பார்த்துத் திரும்புகின்றனர். தில்லையைக் காண, சிவந்த இலைகள் தெரியும் கரையோரத்தைக் காட்டுமாறு படகோட்டியிடம் கேட்கலாம். கிளையை மட்டும் ஒடிக்கக் கூடாது.