சொற்களை ஊதும் மூங்கில்

பணி ஓய்வுக்குப் பிறகு நிறையப் படிக்க நேரம் கிடைக்கிறது. இந்த வாரம் படித்ததில் மனதை விட்டு அகலாத ஒன்றைச் சொல்கிறேன்.

தென்சீனா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் வாழும் மக்கள் ஹ்மோங். அவர்கள் மரபில் சாவு வீட்டுக்கு ‘கெங்’ வாசிப்பவர் கட்டாயம் வேண்டும். ஒரு மரக்குடுவை, அதில் செருகிய ஆறு மூங்கில் குழல்கள். உள்ளே நம் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல் உலோக நாக்குகள். மூச்சை விட்டாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். அதனால் இசை அறுபடாது. வாசிப்பவர் குனிந்து சுழன்று ஆடிக்கொண்டே வாசிப்பார்.

இதில் வியப்பு என்னவென்றால், கெங் பேசும்! ஹ்மோங் மொழியில் ஏழெட்டு தொனிகள். தொனி மாறினால் பொருளே மாறிவிடும். அந்தத் தொனிகளைக் குழல் ஒலியாக்குகிறது. கேட்பவருக்கு வெறும் இசை. அறிந்தவருக்கு இறந்தவரிடம் சொல்லும் சொற்கள். உயிர் தான் வாழ்ந்த ஊர்களைப் பின்னோக்கிக் கடந்து, நஞ்சுக்கொடி புதைத்த பிறந்த மண்ணுக்குப் போய், அங்கிருந்து முன்னோரிடம் சேர வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

லாவோஸில் இம்மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை வந்ததே 1950களின் தொடக்கத்தில்தான். அதுவரை அப்பாவும் மாமாவும் சொல்லச் சொல்ல, பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். தேற வருடக்கணக்காகும். சாவுப் பாட்டை வீட்டுக்குள் பழகுவது ஆகாது என்று வெளியே போய்ப் பழகுவார்கள்.

லாவோஸ் போரில் ஹ்மோங் மக்களில் பலர் அமெரிக்கா பக்கம் நின்று போரிட்டார்கள். 1975இல் ஆட்சி மாறியதும் ஆயிரக்கணக்கானோர் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கும், பின் அமெரிக்காவுக்கும் போனார்கள். உயிர் திரும்பும் வழியும் நீண்டுவிட்டது. மினசோட்டாவில் இறந்தவர் முகாம் வழியாக லாவோஸ் கிராமம் வரை போக வேண்டும். ஒரு குடும்பத்தின் அகதி வரலாறு முழுவதும் அந்தச் சாவுச் சடங்கில் இருக்கிறது!

செயின்ட் பால் நகரில் இப்போது பிள்ளைகளுக்கு கெங் வகுப்பு நடக்கிறது. ஆனால் வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பேரனுக்கு விரல் பழகிவிடும், சொல் பிடிபடுமா? சொல் தெரியாமல் வாசித்தால் தாத்தாவுக்கு வழி சொல்வது யார்?

ஆசிரியராக இருந்தவரை மனப்பாடத்தைக் கொஞ்சம் குறைவாகவே மதித்தேன். இதைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, வீட்டில் குழந்தைகளோடு நம் மொழியில் பேசுங்கள்.