தகடு சொன்னதும் இயந்திரம் சொன்னதும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே சென்று களனி கங்கையைக் கடந்தால் பேலியகொடை. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு மீன் சந்தையே நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது 2003 புரட்டாதியில் அங்கே ஒரு பழைய இரும்புக் கொட்டகையில் கழிந்த பிற்பகல்.

கிளிநொச்சி விவசாயி ஒருவர் தமக்குச் சிங்களம் பேசத் துணை வேண்டுமென்று என்னை அழைத்திருந்தார். அவரது மசி பேர்குசன் 35 உழவு இயந்திரத்தின் ஹெட் காஸ்கெற் எரிந்துவிட்டது. இரு தடவை பணம் கொடுத்து வாங்கியும் பொருந்தவில்லை. காலபோக விதைப்போ நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த 35 இன் முன்னோடி, கொவன்றியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேலாக உற்பத்தியான சாம்பல் நிறப் பேர்குசன். 1956 இல் அதன் இடத்துக்கு 35 வந்தது. அதன் டீசல் வகையில் முதலில் ஸ்டான்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் இயந்திரம் இருந்தது. குளிரில் அதனை இயக்குவது பெரும்பாடு. 1959 இன் இறுதியில் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் இயந்திரம் வந்து அக்குறையைத் தீர்த்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. உதிரிப்பாகங்களோ முற்றிலும் வேறு.

நண்பர் தகட்டிலிருந்த இலக்கத்தைக் கவனமாக எழுதிவந்திருந்தார். அது 'எஸ்.டி.எம்.' என்று தொடங்கியது. அதாவது நான்கு சிலிண்டர். அதன்படியே கடைக்காரர்களும் கொடுத்திருந்தார்கள். கொட்டகையிலிருந்த சிங்களப் பெரியவர் காகிதத்தைப் பார்க்கவேயில்லை. நண்பர் கொண்டுவந்த புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "மாத்தயா, டீசல் குழாயை எண்ணுங்கள்" என்றார். எண்ணினோம். மூன்று!

தகடு பொய் சொல்லவில்லை. அது உடலின் பிறப்பைச் சொன்னது. இருதயம் மாற்றப்பட்ட கதையைச் சொல்லவில்லை. அந்தக் கதையை நண்பரே பிறகு சொன்னார். 1990 முதல் வடக்குக்கு விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் வாகன உதிரிப்பாகங்களும் அடங்கியிருந்தன. மூல இயந்திரம் பழுதானபோது, கைவிடப்பட்ட இன்னொரு வண்டியின் பேர்க்கின்ஸை அவரது தகப்பனார் கழற்றிப் பொருத்தினார். 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது பெட்டியில் குடும்பத்தையும் நெல்மூட்டைகளையும் இழுத்துச் சென்றது அந்த மாற்று இருதயந்தான். தகப்பனார் அப்போது இல்லை. அவர் பொருத்தியது இன்னதென்று மகனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனம் தெரிந்தபின் தேடல் இலகுவாயிற்று. பேர்க்கின்ஸின் அந்த மூன்று சிலிண்டர் குடும்பம் 35 உடன் முடிந்துவிடவில்லை. 1964 இல் வந்த 135 இலும் தொடர்ந்தது. சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் மசி பேர்குசன் வண்டிகளைத் தயாரித்தது. சிம்சன் நிறுவனம் பேர்க்கின்ஸ் இயந்திரங்களை உருவாக்கியது. ஆகவே கொவன்றியில் நின்றுபோனது சென்னையில் பிழைத்திருந்தது. பஞ்சிகாவத்தையில் மூன்றாவது கடையிலேயே இந்தியத் தயாரிப்பான ஹெட் காஸ்கெற் கிடைத்தது.

பழைய உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நிறத்தை நம்பாதீர்கள், அது மறுபடி பூசப்பட்டிருக்கும். தகட்டைப் படியுங்கள், ஆனால் அத்துடன் நிறுத்தாதீர்கள். குழாய்களை எண்ணுங்கள், இயந்திரத்தில் பொறித்த இலக்கத்தை எழுதிவையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டிலுள்ள பெரியவரிடம் எதை எப்போது மாற்றினார் என்று கேட்டுவிடுங்கள். எங்கள் ஊர்களில் அந்த விபரம் வேறெந்தத் தகட்டிலும் இல்லை.