அடுத்த சிப் வரட்டும் – 6: மண்டியிட்ட தலைவர்

சென்ற வாரம்: 2004 பிப்ரவரியில் வெளியான பிரெஸ்காட் சிப், வேகத்தைவிடச் சூட்டுக்கே பேர் வாங்கியது. மே மாதம் அதன் வாரிசான தேஜாஸை இன்டெல் பிறப்பதற்கு முன்பே கைவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வாக்குறுதி: 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4.

*

2004 அக்டோபர். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் கார்ட்னர் நிறுவனம் நடத்தும் மாநாடு. பெரிய நிறுவனங்களுக்குக் கணினி வாங்குவதைத் தீர்மானிக்கும் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் இன்டெல்லின் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட். 4 கிகாஹெர்ட்ஸ் சிப்பைப் பற்றிய பேச்சு வந்தது. 65 வயதான பாரெட் மேடையிலேயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

விளையாட்டாகத்தான் செய்தார். ஆனால் விஷயம் விளையாட்டல்ல. அதற்குச் சில நாட்கள் முன்புதான் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே இன்டெல் ரத்து செய்திருந்தது. முதலில் 2004 முடிவதற்குள் என்றார்கள். ஜூலையில் 2005 தொடக்கத்தில் என்றார்கள். அக்டோபரில், வராது என்றார்கள். தவணை சொல்லிச் சொல்லிக் கடைசியில் கையை விரித்த கடன்காரர் கதை.

‘நாலு வரட்டும், அப்புறம் வாங்கலாம்’ என்று பழைய பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நவம்பரில் 3.8 கிகாஹெர்ட்ஸ் கிடைத்தது. பென்டியம் 4 அந்த எண்ணைத் தாண்டவே இல்லை.

மிச்சம் வெறும் 200 மெகாஹெர்ட்ஸ். உலகின் மிகப் பெரிய சிப் நிறுவனத்தால் அந்தக் கடைசிப் படியை ஏன் ஏற முடியவில்லை?

*

கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் பத்துப் பேர் நின்றால் ஒவ்வொருவரும் கல்லோடு நாலு எட்டு வைக்க வேண்டும். இருபது பேர் நின்றால் எட்டு குறையும், கைவேகம் கூடும். பென்டியம் 3 சிப்பில் ஒரு கட்டளை ஏறத்தாழ 10 கட்டங்களைக் கடந்தது. முதல் பென்டியம் 4இல் அது 20. பிரெஸ்காட்டில் 31. கிகாஹெர்ட்ஸ் எண் எகிறிய ரகசியம் இதுதான்.

ஆனால் சாரத்தின் மேலே நிற்கும் கொத்தனார் திடீரென்று ‘இந்தக் கல் வேண்டாம், வேற கல் குடு’ என்றால்? வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாம் ஓட்டும் மென்பொருள்களில் இப்படி வழி பிரியும் இடங்கள் ஏராளம். எந்த வழி என்று தெரிவதற்கு முன்பே சிப் ஊகித்துக்கொண்டு ஒரு பக்கம் ஓடும். ஊகம் தப்பினால், வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு உழைப்பும் வீண். பெட்டியின் மேல் ஒட்டிய எண் பெரிதாக இருந்தது; உள்ளே முடிந்த வேலை அந்த அளவுக்கு இல்லை.

இரண்டாவது வில்லங்கம், கசிவு. 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கு டிரான்சிஸ்டர்கள் சுருங்கியபோது, அணைத்து வைத்த நிலையிலும் அவற்றில் மின்சாரம் கசிந்தது. இறுக மூடிய குழாயிலும் தண்ணீர் சொட்டுவதைப் போல. ஒரு குழாய் சொட்டினால் வாளியை வைக்கலாம். பிரெஸ்காட்டுக்குள் இருந்தவை 12.5 கோடி. அந்த வரிசையின் உச்சத்திலிருந்த சிப்களுக்கு இன்டெல் குறித்த வெப்ப அளவு 115 வாட். இன்னும் 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்ற வேண்டுமானால் இன்னும் எரிக்க வேண்டும். எரித்தால் குளிர்விக்க முடியாது.

இந்தச் சுவரில் முட்டிக்கொண்டது இன்டெல் மட்டுமல்ல. 2003 ஜூனில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபிஎம் தயாரித்த ஜி5 புராசஸர் ஒரே வருடத்தில் 3 கிகாஹெர்ட்ஸைத் தொடும் என்று மேடையில் அறிவித்தார். ஒரு வருடம் போனது. இரண்டாவது வருடமும் போனது. 2005 ஜூனில் அதே ஜாப்ஸ் மறுபடி மேடையேறி, மேக் கணினிகள் இன்டெல் சிப்புக்கு மாறப்போகின்றன என்றார்.

கேட்டவர்கள் குழம்பினார்கள். மண்டியிட்டவரிடமா அடைக்கலம்? ஜாப்ஸ் சொன்ன காரணம் கிகாஹெர்ட்ஸ் அல்ல. ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதே அவர் காட்டிய கணக்கு. அன்றைக்குக் கடையில் இருந்த பென்டியம் 4 அந்தக் கணக்கில் தேறவே தேறாது. அப்படியானால் இன்டெல்லின் அலமாரியில் வேறு எதைப் பார்த்துவிட்டு அவர் கை கொடுத்தார்?

*

விடை இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்தது.

அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் வடிவமைப்பு மையம் அது, ஆண்டு 1974. முதல் ஐபிஎம் பிசிக்குள் உட்கார்ந்திருந்த 8088 சிப் அங்கே பிறந்ததுதான். 2000ஆம் ஆண்டில் இஸ்ரேல் குழுவுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. டிம்னா என்ற மலிவு விலைச் சிப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போகும் முன்பே இன்டெல் அதை ரத்து செய்துவிட்டது.

வெறுங்கையோடு நின்றவர்களிடம் அடுத்து வந்த வேலை, மடிக்கணினிக்கென்றே ஒரு சிப். மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? ஆகவே செங்கல் வரிசையை நீட்டும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. குறைந்த துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய வேலை என்று போனார்கள். 2003 மார்ச்சில் அது பென்டியம் எம் என்ற பெயரில் வெளிவந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தச் சிப், தன்னைவிட மிக வேகமாகத் துடித்த பென்டியம் 4 மடிக்கணினிகளுக்கு ஈடுகொடுத்தது. மேசைக் கணினி வாங்கியவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் கண் பெரிய எண்ணிலேயே இருந்தது.

2005 மே மாதம் பாரெட்டின் நாற்காலியில் பால் ஒட்டெலினி அமர்ந்தார். ஆகஸ்டில் அவர் அறிவித்தார்: அடுத்த தலைமுறை மேசைக் கணினிச் சிப், மடிக்கணினிச் சிப்பின் வழியில் வரும். சங்கேதப் பெயர் கான்ரோ. 2006இன் இரண்டாம் பாதியில் எதிர்பார்க்கலாம்.

மறுபடியும் காத்திருக்கச் சொல்கிறார்கள்!

அந்த நேரத்தில் வாங்கத்தக்க நல்ல சிப் போட்டியாளரிடம் இருந்தது. ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2, 2005 மே முதல் விற்பனையில். இன்டெல்லின் சொந்த இரட்டை மைய (டூயல் கோர்) சிப்பான பென்டியம் டி, அதன் முன் சூட்டில் மட்டுமே முந்தியது. கையில் காசு இருப்பவர் என்ன செய்வார்? பதறாத காரியம் சிதறாது என்று ஒரு வருடம் பொறுப்பாரா, ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஏஎம்டியை வாங்குவாரா? அதுவும் போன வருடம்தான் சொன்ன சொல் தவறிய நிறுவனம்!

*

2006 மார்ச். இன்டெல்லின் தொழில்நுட்ப மாநாட்டில் இரண்டு கணினிகளை அருகருகே வைத்தார்கள். ஒன்றில் 2.66 கிகாஹெர்ட்ஸ் கான்ரோ. இன்னொன்றில் ஏஎம்டியின் விலையுயர்ந்த எஃப்எக்ஸ்-60, அதுவும் 2.8 கிகாஹெர்ட்ஸுக்கு முடுக்கிவிட்ட நிலையில். வெளியிலிருந்து வந்த விமர்சகர்களைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். துடிப்பு குறைந்த கான்ரோ ஏறத்தாழ 20 சதவீதம் முன்னால் நின்றது.

நம்பலாமா? இரண்டு பெட்டிகளையும் அமைத்து வைத்தது இன்டெல்தான். மாப்பிள்ளை வீட்டாரே எழுதிக்கொண்டு வந்த ஜாதகம் அது. ஏஎம்டி ரசிகர்கள் சிரித்தார்கள். ஆனால் பல பேர் பர்ஸை மூடினார்கள்.

ஜூலை 14. விமர்சகர்கள் தங்கள் சொந்த மேசையில் வைத்துச் சோதித்த முடிவுகள் வெளிவந்தன. ஜாதகம் பொய்யில்லை. கான்ரோ இப்போது கோர் 2 டுவோ என்ற பெயரில் வந்திருந்தது. 316 டாலர் விலையுள்ள கோர் 2 டுவோ இ6600, ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-62ஐ பெரும்பாலான சோதனைகளில் முந்தியது. வெப்ப அளவு 65 வாட் மட்டுமே. ஜூலை 24 அன்று ஏஎம்டி விலையை வெட்டியது. 696 டாலருக்கு விற்ற எக்ஸ்2 5000+ சிப் 301 டாலருக்கு இறங்கியது. ஜூலை 27 அன்று கோர் 2 டுவோ முறைப்படி வெளியானது.

அந்த வாரம் பொறுத்தவர்கள் எல்லோரும் ஜெயித்தார்கள். இன்டெல் வாங்கியவர்கள் மட்டுமல்ல, பாதி விலைக்கு ஏஎம்டி வாங்கியவர்களும்தான். ஏமாந்தது, புத்திசாலித்தனமாக முன்கூட்டியே தயாரானவர்கள். சாக்கெட் 775 மதர்போர்டை 2005லேயே வாங்கிவைத்து, புதுச் சிப்பை மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். சாக்கெட் பொருந்தியது. ஆனால் அந்தப் பழைய போர்டுகள் பலவற்றில் சிப்புக்கு மின்சாரம் தரும் சுற்று, கான்ரோவுக்கு ஏற்றதாக இல்லை. கணினி விழிக்கவில்லை. சிப்புக்காகக் காத்திருக்கலாம், சிப் வரும் முன்பே போர்டு வாங்கக் கூடாது.

2004இல் காத்திருந்தவர் ஏமாந்ததற்கும் 2006இல் காத்திருந்தவர் ஜெயித்ததற்கும் அதிர்ஷ்டம் காரணமல்ல. 4 கிகாஹெர்ட்ஸ் சிப்பை ஒரு விமர்சகரும் தன் மேசையில் ஓட்டிப் பார்க்கவில்லை. தேதியும் நழுவிக்கொண்டே இருந்தது. கான்ரோ வெளியாட்கள் கண் முன்னால் ஓடியது, கடைக்கு வர நாலே மாதம் இருந்தது. ஓடிக்காட்டிய சிப்புக்காக நாலு மாதம் பொறுப்பது சிக்கனம். வெறும் வாய்ச்சொல்லுக்காக வருடக்கணக்கில் பொறுப்பது சூதாட்டம்.

இந்தப் பாடத்தை ஏஎம்டி ரசிகர்கள் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. ஒரே சில்லில் நான்கு மையங்கள், 2007இல் வருகிறது என்று ஏஎம்டி சொன்னது, நம்பிப் பொறுத்தார்கள். இந்த முறை சொன்னபடி சிப் வந்தும்விட்டது. 2007 நவம்பர் 19, பெயர் ஃபெனம்.

ஆனால் அதற்குள் ஒரு பிழையும் சேர்ந்து வந்திருந்தது. திருத்தத்தைப் போட்டால் வேகம் குறையும். போடாவிட்டால் கணினி எந்த நேரத்தில் முடங்கும் என்று சொல்ல முடியாது.

(தொடரும்)